எத்தனையாவது சன்னி

பரிமளத்துக்கு விற்கத் தெரியும். அவளே அதைச் சொல்லிக்கொள்வாள். கேட்டவர் யாரும் மறுத்ததில்லை. மட்டக்களப்பில் கூட்டுறவுச் சங்கத்துப் புடவைக் கடையில் நின்றவள், எண்பத்துநாலில் கணவன் தங்கத்துரையோடு ரொறன்ரோவுக்கு வந்து, புளோர் வீதியில் ஷேர்போர்ன் சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சேதுராமன் நடத்திய பயண முகவர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கோடையில் மெட்ராசுக்கும் கொழும்புக்கும் ரிக்கற். பனிக்காலத்தில் கரிபியன் தீவுகளுக்கு ஒரு வாரச் சுற்றுலா. இந்த இரண்டாவதுதான் அவளுடைய ராச்சியம்.

ஜனவரி மாதத்தில் மூக்கு சிவந்து, சப்பாத்தில் உப்புக் கறையோடு, சும்மா விசாரிக்கத்தான் வந்தேன் என்று யாராவது உள்ளே வருவார்கள். பரிமளம் கதிரையை இழுத்துப் போட்டு, "கடைசியாக எப்போது வெறுங்காலோடு நடந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்பாள். அதற்குப் பிறகு அந்த மனிதருக்குப் பெட்டியை எங்கே வைத்தோம் என்ற யோசனைதான் ஓடும். "வெளியில பனி கொட்டட்டும், இவ வாயைத் திறந்தா ஆபீஸுக்குள்ள கடல் காத்து வரும்" என்பார் சேதுராமன். கும்பகோணத்துக்காரர். ஆளைப் பாராட்டுவதில் கஞ்சத்தனம் இல்லாதவர்.

அவள் அதிகம் விற்றது செயின்ற் ஒடில் என்ற சின்னத் தீவு. அங்கே ஒரு ஹோட்டலில் சன்னி என்றொரு டொல்பின் இருந்தது. அதோடு நீந்தலாம், அதன் மூக்கில் முத்தமிடலாம், படம் எடுக்கலாம். போய் வந்தவர்கள் அந்தப் படங்களைக் கொண்டுவந்து பரிமளத்திடம் காட்டுவார்கள். அவள் ஆளுக்கொன்று வாங்கித் தன் மேசைக்குப் பின்னாலுள்ள சுவரில் ஊசி குத்தி மாட்டுவாள். காய்ந்த தலையோடு போனவர்கள் எல்லோரும் நனைந்த தலையும் முழுப் பல்லுமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் சுவர் அது. வருகிறவர்கள் அதைப் பார்த்தாலே பாதி விற்பனை முடிந்துவிடும்.

எண்பத்தேழாம் ஆண்டு பெப்ரவரியில் மிஸிஸ் ஹொலோவே வந்தார். தேவாலயத்தில் நெடுங்காலம் ஓர்கன் வாசித்து ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர், பக்கத்துத் தெருவில் தனியாக இருப்பவர். புருஷன் இறந்த பிறகு ஒவ்வொரு பனிக்காலமும் செயின்ற் ஒடிலுக்குப் போவார். பரிமளத்துக்கு மிகவும் பிடித்த வாடிக்கையாளர் அவர்தான். வழக்கமாக வெயில் பட்ட முகத்தோடு, ஒரு பொதி தேங்காய் மிட்டாயோடு வருபவர், இந்த முறை கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"அது என்னுடைய சன்னி இல்லை" என்றார்.

"என்ன சொல்கிறீர்கள்?"

"வேறு டொல்பினை விட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் கரையில் நின்று பார்த்ததோடு சரி, போன வருஷம்தான் கிட்டப் போய்த் தடவினேன். என் சன்னியின் முதுகுச் செட்டையில் பின்பக்கம் கடித்தது போல ஒரு பிறை வெட்டு இருந்தது. இதற்கு அப்படி இல்லை. நான் மனேஜரிடம் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, அதே சன்னிதான் மேடம், உங்களுக்கு மறந்திருக்கும் என்றார். அதோடு விட்டாரா? என் மகனுக்கு ரெலிபோன் எடுத்து, உங்கள் தாயார் கொஞ்சம் குழம்பியிருக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறார்."

மகன் கிரகாம் முந்திய நாளே நிலையத்துக்கு வந்து போயிருந்தான். நல்ல மனிதன், கவலையால் வாடிப்போனவன். அம்மாவுக்கு இனி ரிக்கற் விற்க வேண்டாம், முதியோர் இல்லம் ஒன்று பார்க்கிறேன் என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டான். பரிமளமும் சரி என்றுதான் தலையாட்டியிருந்தாள். வயது போனால் இப்படித்தான் என்று அவளும் நினைத்தாள்.

இப்போது அந்த அம்மாளைத் தேற்றத்தான் எழுந்தாள். சுவரிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டி, பாருங்கள், ஒரே சன்னிதான் என்று சொல்லி, ஒரு தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று எண்ணினாள். போன பனிக்காலத்துப் படம் ஒன்று கைக்கு வந்தது. சச்சிதானந்தன் என்ற கணக்காளர் மனைவியோடு எடுத்தது. செட்டையின் பின்பக்கம் பிறை வெட்டு நன்றாகத் தெரிந்தது. இந்த வருஷத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். செட்டை மழுமழுவென்று இருந்தது. நுனி மட்டும் ஒரு பக்கம் வளைந்திருந்தது. அதற்கு முந்திய வருஷத்துப் படம் ஒன்றை எடுத்தாள். அதில் வெட்டும் இல்லை, வளைவும் இல்லை. நடுவில் வெள்ளையாக ஒரு தழும்பு நெடுக ஓடியது.

பரிமளம் கதிரையில் உட்கார்ந்தாள். மிஸிஸ் ஹொலோவே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஒன்றும் மறக்கவில்லை" என்றாள் பரிமளம்.

தங்கத்துரைக்கு ரெக்ஸ்டேலில் படம் கழுவும் கூடம் ஒன்றில் வேலை. அந்தக் கிழமையே பரிமளம் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுப் படச்சுருள்களை இரவல் வாங்கிக் கணவனிடம் கொடுத்தாள். சனிக்கிழமை மத்தியானம் அவன் பெரிதாக்கிய படங்களோடு வந்து குசினி மேசையில் பரப்பினான். சோற்றுக் கோப்பைகளை ஓரத்தில் தள்ளிவிட்டு இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஐயோ பரிமளம், இது ஒண்டில்ல. இதில நாலு இருக்கு. இது தழும்பு, இது பிறை, இது வளைஞ்சது. இந்த ஒண்டைப் பார், இது இன்னும் சின்னன். குட்டி மாதிரிக் கிடக்கு."

"அப்ப மிச்சம் மூண்டும் எங்க?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே வித்தனீ."

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவினாள். கழுவி முடிக்கும்போது என்ன செய்வது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பரிமளம் நெடுநேரம் மனம் நோகிற ஆள் இல்லை. நொந்துகொண்டு இருந்தால் வேலை நடக்காது என்பது அவளுடைய எண்ணம்.

திங்கட்கிழமை சுற்றுலாக் கம்பனியின் விற்பனை அதிகாரி ரொட்னிக்கு ரெலிபோன் எடுத்தாள். அவனுக்கு அவளைத் தெரியும். கிறிஸ்மசுக்கு வைன் அனுப்புகிறவன்.

"டொல்பின் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி, பரிமளம். வெளிச்சத்தைப் பொறுத்து வித்தியாசமாகத் தெரியும்."

"வெட்டுப்பட்ட செட்டை ஒரு வருஷத்தில் முளைக்குமா, ரொட்னி?"

அவன் சிரித்தான். "நீ இன்னும் அங்கே போனதே இல்லை, அல்லவா? ஏப்ரலில் முகவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறோம். எல்லாம் எங்கள் செலவு. வந்து சன்னியைப் பார். பார்த்தால் இப்படிப் பேச மாட்டாய்."

"வாறன்" என்றாள் தமிழில். அவனுக்கு விளங்கியதோ இல்லையோ.

செயின்ற் ஒடில் அவள் விற்றதைப் போலவே இருந்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை. கடல் அந்த நிறம்தான், மணல் அந்த வெள்ளைதான். ஹோட்டலின் மதுச்சாலைக்குப் பின்னால் சீமெந்துத் தடாகம் ஒன்று இருந்தது. கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மதில். தண்ணீரில் குளோரின் மணம் மூக்கைப் பிடித்தது.

பரிமளமும் இறங்கினாள். மட்டக்களப்பில் கல்லடிக் கடலில் நீந்திப் பழகியவளுக்குத் தண்ணீர் பயமில்லை. விசில் ஊதியதும் சன்னி நேராக அவளிடம் வந்து தாடையை அவள் உள்ளங்கையில் வைத்தது. தோலுரித்த அவித்த முட்டை போன்ற மேனி. உள்ளே சூடு. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை பேர் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அவளும் சிரித்தாள். அந்தச் சந்தோஷம் உண்மையானது. பிறகு எத்தனையோ பேரிடம் பேசியபோதும் அதை அவள் மறைத்ததில்லை.

மற்றவர்கள் ஏறி உடுப்பு மாற்றப் போனார்கள். பரிமளம் கரையில் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாள். வேலை முடிந்த விசில் கேட்டது. பயிற்சிக்காரன் வாளியில் மிச்சமிருந்த பனிக்கட்டி மீனைக் கொட்டிவிட்டுப் போனான். சன்னி அதைத் தொடவில்லை. தடாகத்தின் மூலைக்குப் போய், கடல் பக்கத்து மதிலில் மூக்கை முட்டிக்கொண்டு அப்படியே நின்றது. கண்கள் பாதி மூடியிருந்தன, ஓரத்தில் பீளை. மதிலுக்கு அந்தப் பக்கம் அலை அடித்தபோதெல்லாம் உடம்பு ஒரு அசைவு அசைந்தது. தன் ஊரில் ஓங்கில் என்று சொல்லும் டொல்பின்களைப் பரிமளம் கடலில் பார்த்திருக்கிறாள். வள்ளத்துக்கு முன்னால் துள்ளிக்கொண்டு ஓடும். அடுத்த நிமிஷம் எங்கே என்று தேட வேண்டும். ஓர் இடத்தில் நிற்கிற ஓங்கிலை அவள் கண்டதில்லை. நெடுநேரம் பார்த்தாள். அது நகரவே இல்லை.

"விசில் ஊதும்வரை அங்கேதான் நிற்கும்" என்று மதிலோரம் இருந்து ஒரு குரல் வந்தது.

பப்பாளியும் அன்னாசியும் வெட்டி விற்கிற பெண் ஒருத்தி. பெயர் மார்வா. காலையில் ஹோட்டலில் பழம் விற்பாள், மாலையில் கிராமத்துச் சங்கத்தை நடத்துவாள். பரிமளம் பையிலிருந்து படங்களை எடுத்துக் காட்டினாள். மார்வா கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள்.

"தழும்புக்காரி. இவள் குட்டி போட இருந்தவள். பிறை வெட்டுக்காரன், இவன் செத்தது போன ஓகஸ்ரில். இந்தச் சின்னது வந்து ஒரு மாதமும் நிற்கவில்லை." படங்களைத் திருப்பிக் கொடுத்தாள். "விடியற்காலையில் பாரவண்டி வரும். தார்ப்பாயால் மூடிக்கொண்டு போவார்கள். பிறகு ஒரு கிழமைக்குத் தடாகம் திருத்தவேலை என்று பலகை தொங்கும். எங்கள் குடாவிலிருந்து இன்னொன்றை வலைபோட்டுப் பிடித்துவந்து அதே பெயரை வைப்பார்கள். எல்லாம் ஒரே கூட்டத்துப் பிள்ளைகள்."

"நீங்கள் யாரும் கேட்கவில்லையா?"

"கேட்காமலா? ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இப்போது அந்தக் குடாவையே அடைத்து டொல்பின் பூங்கா கட்டப் போகிறார்கள். உங்கள் ரொறன்ரோக் கம்பனிதான் பின்னால் நிற்கிறது. எங்கள் வள்ளங்களுக்கு அங்கே இடமில்லையாம். மந்திரியிடம் போனோம். ஊர்வலம் போனோம். இங்கே எவ்வளவு கத்தினாலும் உங்கள் ஊரில் ரிக்கற் வாங்குகிறவர்களுக்குக் கேட்காதே."

பரிமளம் படங்களைப் பையில் வைத்துப் பூட்டினாள். "கேட்கும்" என்றாள். "அந்த ஆட்களோடு பேசுகிறதுதான் என்னுடைய வேலை."

திரும்பி வந்த அன்றே சேதுராமனின் அறைக்குப் போய் நின்றாள்.

"சேர், செயின்ற் ஒடில் டொல்பின் பயணத்தை இனி நான் விக்கமாட்டன்."

சேதுராமன் கண்ணாடியைக் கழற்றினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மனசும் கலங்கிற்று. ஆனால் கடை நடத்துகிறவர்.

"நீ சொல்றது வாஸ்தவம்தான்மா. ஆனா நாம சின்னக் கடை. அந்தக் கம்பனி கோவிச்சுண்டு மத்த பயணத்தையும் தர மாட்டேன்னுட்டா? பனிக்காலம் முழுக்க நான் ஈ ஓட்டிண்டு இருக்கணுமா?"

"ஒரு பயணம்தான் சேர் விக்கமாட்டன் எண்டு சொல்லுறன். மிச்சத் தீவெல்லாம் இருக்குத்தானே? அதையெல்லாம் நான் வித்துத் தாறன். நீங்க வேணுமெண்டால் பாருங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சொன்னதைச் செய்யாமல் விட்டதாக அவருக்கு நினைவில்லை. "சரி. ஆனா என் கடை பேரை வெச்சு யாரோடயும் சண்டைக்குப் போகாதே" என்றார்.

"சண்டை எனக்கெதுக்கு? நான் கேள்விதானே கேக்கப்போறன்."

அந்தக் கோடை முழுவதும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிக்கரிங்கில் முகவர் நிலையம் வைத்திருந்த அன்புராசாவிடம் முதலில் பேசினாள். "அண்ணை, உங்கட ஆக்களிட்டயும் சன்னியோட எடுத்த படம் இருக்கும். ஒருக்கா வாங்கித் தாங்க" என்றாள். அன்புராசா யாழ்ப்பாணத்தார், எதையும் நம்புவதற்கு முன் இரண்டுதரம் தட்டிப் பார்க்கிறவர். "உதெல்லாம் எங்களுக்கேன் தங்கச்சி? சனம் சந்தோசமாப் போட்டு வருதுகள்" என்று முதலில் இழுத்தார். படங்களைத் தானே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அவர் குரல் மாறிவிட்டது. "இதென்ன, செத்தவனின்ர பேரில சம்பளம் எடுத்த மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அவர் சொல்லி இத்தாலியர்களின் நிலையம் ஒன்று, போர்த்துக்கீசர்களின் நிலையம் ஒன்று என்று படங்கள் வந்தன. தங்கத்துரை கூடத்து முதலாளியிடம் அனுமதி வாங்கி, வேலை முடிந்தபின் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினான். நாலு என்று நினைத்தது ஏழாகியது.

செப்ரெம்பரில், பனிக்கால விளம்பரப் புத்தகங்கள் வெளிவரும் காலத்தில், கம்பனி நகரத்து ஹோட்டல் ஒன்றில் முகவர்களுக்கு மதிய விருந்து வைத்தது. புதிய டொல்பின் பூங்காவை அங்கேதான் அறிவிக்கப்போகிறார்கள். மிஸிஸ் ஹொலோவேக்கு இது தெரிந்ததும் தானும் வருவேன் என்று நின்றார்.

"நானே பேசிக்கொள்கிறேன், நீங்கள் கஷ்டப்பட வேண்டாம்" என்றாள் பரிமளம்.

"கஷ்டமா? ஆயிரம் பேர் இருக்கிற தேவாலயத்தில் பிழையில்லாமல் வாசித்தவள் நான். பைத்தியம் என்று பெயர் வாங்கியது நான். நான்தான் கேட்பேன்."

பரிமளத்துக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. தன் விருந்தாளியாக அவர் பெயரைக் கொடுத்தாள். அம்மாவைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கிரகாமே காரோட்டி வந்து, அவருடைய கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு கதவருகில் நின்றான்.

மண்டபம் நிறைந்திருந்தது. கோழியும் கேக்கும் முடிந்து, விளக்கை மங்கவைத்து, ரொட்னி திரையில் படங்கள் காட்டினான். குடா முழுவதையும் அடைத்த பெரிய வேலி, நடைபாலம், கண்ணாடிச் சுவர். கடைசியில் சன்னி வாயைத் திறந்து சிரிப்பது போல ஒரு பெரிய படம். கைதட்டினார்கள். விளக்கு வந்தது. கேள்வி இருக்கிறதா என்று கேட்டான்.

மிஸிஸ் ஹொலோவே எழுந்தார். பரிமளமும் அன்புராசாவும் பெரிதாக்கிய படங்களை மேசை மேசையாகக் கொடுத்துக்கொண்டு போனார்கள்.

"இளைஞனே, நான் ஒவ்வொரு வருஷமும் உங்கள் சன்னியைப் பார்க்கப் போனவள். இந்தப் படங்களில் எது சன்னி என்று காட்டுகிறாயா?"

ரொட்னி சிரித்தபடிதான் படங்களை வாங்கினான். புரட்டப் புரட்டச் சிரிப்புக் குறைந்தது. மண்டபத்தில் ஒவ்வொரு மேசையிலும் ஆட்கள் தலையைச் சேர்த்து வைத்து விரலால் செட்டைகளைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முணுமுணுப்பு எழுந்தது.

"மேடம், சன்னி என்பது... ஒரு மேடைப் பெயர் மாதிரி. சில நேரங்களில் விலங்குகளை மாற்றுவது உண்டு. இந்தத் தொழிலில் அது வழக்கம்."

"அப்படியென்றால் நான் பார்த்தது வேறு டொல்பின்தான்?"

"இருக்கலாம்."

"இருக்கலாமா, ஆமாவா?"

"ஆம், மேடம்."

"என் ஞாபகத்தில் பிழையில்லை?"

"இல்லை, மேடம்."

"இதை என் மகனுக்கும் சொல்லிவிடு. அதோ, கோட்டோடு நிற்கிறான்."

மண்டபம் சிரித்தது. கிரகாம் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

பரிமளம் காத்திருந்து, சிரிப்பு அடங்கிய பிறகு எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் பேசுவது போலவே பேசினாள்.

"மாற்றினோம் என்கிறீர்கள், ரொட்னி. மாற்றிய பிறகு பழைய சன்னிகள் எங்கே போயின?"

"அதை ஹோட்டலிடம்தான் கேட்க வேண்டும்."

"நான் போய்க் கேட்டேன். நீங்கள்தான் அனுப்பினீர்கள், நன்றி. செத்துப்போயின. ஊருக்கே தெரியும். எங்கள் கடையிலிருந்து எத்தனையோ குடும்பங்களை நான் அனுப்பியிருக்கிறேன். சன்னி உங்களைக் கண்டால் சந்தோஷப்படும் என்று சொல்லி அனுப்பினேன். போய்ப் பார்த்தேன். விசில் நின்றதும் அது மதிலில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கம் கடல். அதன் கூட்டம் அங்கேதான் இருக்கிறது. இப்போது அந்தக் கூட்டம் முழுவதையும் அடைக்கப் போகிறீர்கள். அங்கே மீன் பிடிக்கிற சனங்களுக்கும் அது விருப்பமில்லை." சுற்றிலும் பார்த்தாள். "செயின்ற் ஒடில் நல்ல தீவு. கடற்கரைக்காகக் கேளுங்கள், இன்றைக்கே விற்பேன். இந்தப் பூங்காவை விற்கமாட்டேன்."

உட்கார்ந்துவிட்டாள். அன்புராசா எழுந்து, "நாங்களும் விற்கமாட்டோம்" என்று சுருக்கமாகச் சொன்னார். இத்தாலிய நிலையத்துப் பெண் எழுந்தாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக நாற்காலிகள் பின்னால் தள்ளப்படுகிற சத்தம். எல்லோரும் எழவில்லை, விளம்பரப் புத்தகங்களை அள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனவர்களும் நிறையப் பேர். ஆனால் பின்வரிசையில் பத்திரிகைப் பெண் ஒருத்தி இருந்ததைப் பரிமளமும் கவனிக்கவில்லை, ரொட்னியும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமைப் பயணப் பகுதியில் ஏழு செட்டைகளும் வரிசையாக வந்தன. மேலே மிஸிஸ் ஹொலோவேயின் படம், தலையை நிமிர்த்திக்கொண்டு. கம்பனிக்கு ரெலிபோன் ஓயவில்லையாம். சேதுராமன் பயந்தபடி கம்பனி கோபித்துக்கொள்ளத்தான் செய்தது. ஒரு மாதம் அவர்களுடைய பயணங்கள் எதுவும் வரவில்லை. பரிமளம் வேறு இரண்டு கம்பனிகளிடம் பேசி, வேறு தீவுகளை எடுத்து, காலை ஒன்பதிலிருந்து வாய் ஓயாமல் விற்றாள். பத்திரிகையைப் பார்த்துவிட்டு அவளைத் தேடி வந்தவர்களே பாதிப் பேர். நவம்பரில் பழைய கம்பனி தானாக வந்து கதவைத் தட்டிற்று. ரொட்னி வரவில்லை. வேறொருவர் வந்தார். புதிய புத்தகம் கொண்டுவந்தார். அதில் பூங்காவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பணம் போடுகிறவர்கள் பின்வாங்கியதும், செயின்ற் ஒடில் அரசாங்கத்துக்குத் திடீரென்று தன் மீனவர்கள்மேல் அக்கறை வந்தது. குடாவில் டொல்பின் பிடிக்கத் தடை போட்டார்கள். மார்வாதான் செய்தி சொன்னாள், ஹோட்டல் ரெலிபோனிலேயே கூப்பிட்டு.

"தடாகத்தில் நின்றது?" என்று கேட்டாள் பரிமளம்.

"ஹோட்டல்காரர் தடாகத்தை மூடி எங்களிடம் தந்துவிட்டார்கள். கடலோரத்தில் வலைகட்டி அதில் விட்டிருக்கிறோம். எங்கள் பெடியன்கள் மாறி மாறி உயிர் மீன் போடுகிறார்கள். முதலில் பிடிக்கத் தெரியாமல் முழித்தது. இப்போது பிடிக்கிறது."

இரண்டு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். வலையை இறக்கிவிட்டார்களாம். அரைநாள் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்ததாம். பின்னேரம் பார்த்தபோது இல்லையாம்.

"கூட்டத்தோடு சேர்ந்துவிட்டதா?"

"தெரியாது. வெளியே தூரத்தில் கூட்டம் ஒன்று போனது. வளைந்த செட்டையைக் கண்டதாக ஒருத்தன் சொல்கிறான், இல்லை என்று இன்னொருத்தன் சொல்கிறான். நாங்கள் தேடிப் போகவில்லை."

"தேட வேண்டாம்" என்றாள் பரிமளம். ரிசீவரை வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். தங்கத்துரைக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னாள். அவன் கூடத்தில் எல்லோருக்கும் கேட்கக் கத்தியது இந்தப் பக்கம் சேதுராமனுக்கே கேட்டது.

கிரகாம் முதியோர் இல்லப் பேச்சை எடுக்கவே இல்லை. எண்பத்தெட்டு ஜனவரியில் அம்மாவோடு தானும் நிலையத்துக்கு வந்து, இரண்டு ரிக்கற் கேட்டான். "இவன் வந்தால் எனக்கு ஓய்வு கிடைக்காது" என்று முறைப்பட்டார் மிஸிஸ் ஹொலோவே. ஆனாலும் ஜன்னல் பக்கத்து ஆசனத்தை அவனுக்கே கொடுக்கச் சொன்னார்.

எல்லாம் அதோடு முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த பனிக்காலம் வேறொரு தீவில் வேறொரு ஹோட்டல் தடாகம் கட்டியது. இந்த முறை டொல்பினின் பெயர் ஸ்ரெல்லா. பரிமளத்திடம் மொன்றியலிலிருந்து ஒரு முகவர் விசாரித்தார். ஹலிபாக்சிலிருந்து ஒருவர் விசாரித்தார். அவள் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள்: வாடிக்கையாளர்களிடம் படங்களைக் கேளுங்கள், செட்டையைப் பாருங்கள், பிறகு என்னைக் கூப்பிடுங்கள்.

ஒருநாள் அவள் ரெலிபோனில் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, புதிதாகக் கலியாணம் முடித்த சோடி ஒன்று உள்ளே வந்தது. ஸ்ரெல்லாவோடு நீந்துகிற பயணம் வேண்டுமாம். பரிமளம் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எழப் போனாள். அதற்குள் அறைக் கதவு திறந்தது. சேதுராமன் வெளியே வந்து, வேட்டி கட்டியிருந்தால் மடித்துக் கட்டியிருப்பார் போன்ற ஒரு தோரணையில், அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஸ்ரெல்லாவா?" என்றார். "கொஞ்சம் உட்காருங்கள். ஒரு ஏழெட்டுப் படம் காட்டுகிறேன். பார்த்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்."

பரிமளம் மறுபடி உட்கார்ந்து, ஹலிபாக்சுக்காரரிடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.